போபாலில் அன்றிரவு தெரிந்தவர்கள் தப்பினார்கள்

நமது தோட்டங்களில் பூச்சிக்கு அடிக்கிறதையும் புல்லுக்கு அடிக்கிறதையும் நாம் ‘மருந்து’ என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். மருந்தடிக்கப் போறோம், மருந்து டேங்க், மருந்து ஸ்டோர். டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, மலையில் அடிக்கிறதும் மருந்து. ஆனால் மலையில் அடிக்கிறது நஞ்சு. பெயரைச் சொல்லிச் சொல்லியே பயம் விட்டுப்போய்விட்டது. “அதெல்லாம் ஒண்ணும் செய்யாதுங்கய்யா, வாசம் பழகிப்போச்சு” என்று மருந்தடிக்கும் தம்பிமார் நம்மிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். வாசம் மூக்குக்குப் பழகும். நெஞ்சுக்குள் இருக்கும் ஈரலுக்குப் பழகாது.

இப்படிப்பட்ட பூச்சி மருந்து ஒன்றைத் தயாரித்த பெரிய தொழிற்சாலை ஒன்றில் நடந்ததைப் பற்றியே இந்த இதழில் எழுதுகிறோம். இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்தில் உள்ள போபால் நகரத்தில், 1984ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2ஆம் திகதி இரவு அது நடந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். இன்று லயத்துக்கு லயம் பிள்ளைகள் பியகமவுக்கும் கட்டுநாயக்கவுக்கும் கொழும்புக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். போகும்போது நாம் கேட்பது இரண்டே கேள்விகள்: சம்பளம் எவ்வளவு, தங்குவதற்கு இடம் உண்டா? அங்கே என்ன இரசாயனம் இருக்கிறது, அது வெளியே வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்டு அனுப்பிய அப்பா அம்மாவை நாம் இன்னும் காணவில்லை. அந்தக் கேள்வியின் பெறுமதி போபாலில்தான் தெரிந்தது.

அந்தத் தொழிற்சாலை

யூனியன் கார்பைட் என்ற அமெரிக்கக் கொம்பனிக்குப் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கு இருந்த இந்தியக் கொம்பனி ஒன்று அந்தத் தொழிற்சாலையை நடத்தியது. 1969இல் சிறிதாகத் தொடங்கினார்கள். செவின் என்ற பெயரில் பூச்சி மருந்து செய்தார்கள். அதைச் செய்வதற்கு மெதைல் ஐசோசயனேட் என்ற ஒரு திரவம் தேவை. வாயில் நுழையாத பெயர். அதனால் அங்கே வேலை செய்தவர்களும் சுருக்கமாக எம்.ஐ.சி. என்றே சொன்னார்கள். நாமும் அப்படியே சொல்வோம். முதலில் அதை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார்கள். 1980இலிருந்து போபாலிலேயே தயாரித்து, நிலத்துக்குள் புதைத்த பெரிய தாங்கிகளில் சேர்த்து வைத்தார்கள்.

இந்த எம்.ஐ.சி.யின் குணம் என்ன? 39 பாகை வெப்பத்திலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். நமது உடம்புச் சூடே 37 பாகை என்றால் பாருங்கள். ஆவியானால் காற்றை விடப் பாரமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகத் தவழும். ஈரம் உள்ள இடத்தில்தான் அதற்கு வேகம். கண்ணிலும் தொண்டையிலும் நெஞ்சுக்குள்ளும் ஈரம் இருப்பதால் அங்கேதான் எரிக்கும். தாங்கிக்குள் தண்ணி போனால் இன்னும் மோசம். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணியை ஊற்றினால் என்ன நடக்கிறது? கொதித்துப் பொங்கி ஆவி பறக்கிறது அல்லவா? அதுபோலத்தான், ஆனால் ஒரு வாளிச் சுண்ணாம்பு அல்ல. அன்றிரவு 610ஆம் இலக்கத் தாங்கியில் ஏறக்குறைய 40 தொன் எம்.ஐ.சி. கிடந்தது.

அவ்வளவு நஞ்சை ஏன் சேர்த்து வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். சரியான கேள்விதான். செவின் மருந்து எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, தொழிற்சாலை நட்டத்தில் ஓடியது. அந்த நேரத்தில் எம்.ஐ.சி. தயாரிப்பதையும் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் தயாரித்தது தாங்கியில் கிடந்தது. பிரித்தானியாவில் டிரெவர் கிளெட்ஸ் என்ற பொறியியலாளர் ஒருவர் இருந்தார். தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதியவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்றுதான்: இல்லாத பொருள் ஒழுகாது. நஞ்சைக் காவல் காப்பதற்கு ஆயிரம் வழி தேடுவதை விட, அதைச் சேர்த்து வைக்காமல் இருக்க முடியுமா என்று முதலில் பார் என்பார். போபாலுக்குப் பிறகு எம்.ஐ.சி.யைச் சேர்த்து வைக்காமல், உண்டாக உண்டாகவே பயன்படுத்தி முடிக்கும் முறைக்கு மாறிய தொழிற்சாலைகளும் உண்டு.

காவல்கள் இருந்தன, வேலை செய்யவில்லை

போபாலில் காவலே இல்லை என்று நினைக்க வேண்டாம். இதுதான் இந்தக் கதையில் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம். ஒன்று தவறினால் இன்னொன்று பிடிக்கும் என்று பல காவல்களை வைத்துத்தான் கட்டியிருந்தார்கள்.

எம்.ஐ.சி.யை எப்போதும் பனிக்கட்டி போலக் குளிர வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு குளிரூட்டும் இயந்திரம் இருந்தது. அதை 1984 யூன் மாதமே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்த குளிரூட்டும் வாயுவையும் எடுத்து வேறு வேலைக்குப் பாவித்துவிட்டார்கள். மின்சாரச் செலவு மிச்சம்.

வாயு கசிந்தால் அதைக் காரத் தண்ணியால் கழுவி நஞ்சை முறிக்க ஒரு கோபுரம் இருந்தது. தயாரிப்பு நின்றதால் அதையும் ஓட்டாமல் வைத்திருந்தார்கள். ஓடியிருந்தாலும் அன்று வந்த அளவைத் தாங்கும் சக்தி அதற்கு இருக்கவில்லை. அதையும் மீறி வருவதை எரித்துவிட இன்னொரு உயரமான கோபுரம் இருந்தது. ஆனால் அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டு துருப்பிடித்து, மாற்றுவதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை.

தண்ணியைப் பீய்ச்சி வாயுவை அமுக்கும் குழாய்கள் இருந்தன. அன்றிரவு தொழிலாளர்கள் அதைத் திறந்து அடித்தும் பார்த்தார்கள். வாயு வெளியேறிய உயரத்துக்கு அந்தத் தண்ணி எட்டவில்லை. அவசரத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரு தாங்கி வெறுமையாக இருக்க வேண்டும். அதையும் பாவிக்கவில்லை.

ஆட்களையும் குறைத்திருந்தார்கள். எம்.ஐ.சி. பகுதியில் ஒரு முறை வேலைக்கு 12 பேர் இருந்த இடத்தில் 6 பேர் ஆக்கினார்கள். இரவு முறையில் பராமரிப்பைப் பார்க்கும் மேற்பார்வையாளர் பதவியை எடுத்துவிட்டார்கள். அளவு காட்டும் கருவிகள் அடிக்கடி பொய் சொல்லும். அதனால் முள் ஏறினாலும் “இது இப்படித்தான் காட்டும்” என்று நம்பாமல் விடுவது வழக்கமாகிவிட்டது.

ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் பெரிய குற்றமாகத் தெரியாது. ஒரு குழாய் திருத்தத்தில் இருக்கிறது, ஒரு இயந்திரம் நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து கதவு இருக்கிறதே, ஒன்று பழுதானால் என்ன என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஐந்தும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கிறது என்பதை ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு ஆள் இருக்கவில்லை.

அன்றிரவு

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரவு ஏதோ ஒரு வழியாகத் தண்ணி தாங்கிக்குள் போய்விட்டது. எப்படிப் போனது என்பதில் இன்றுவரை இரண்டு பேச்சு உண்டு. குழாய்களைத் தண்ணி விட்டுக் கழுவியபோது, தண்ணி அங்கால் போகாமல் தடுக்கப் போட வேண்டிய தடைத்தகடு போடப்படவில்லை, அந்த வழியாகப் போனது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். யாரோ ஒரு தொழிலாளி வேண்டுமென்றே செய்த நாசவேலை என்று கொம்பனி சொன்னது. தண்ணி போனது என்பதில் மட்டும் இரு பக்கத்துக்கும் சண்டை இல்லை. நாம் ஒன்று சொல்வோம்: யார் தண்ணி விட்டிருந்தாலும், குளிரூட்டியை நிறுத்தியதும் எரி கோபுரத்தின் குழாயைக் கழற்றிப் போட்டதும் அந்தத் தொழிலாளி அல்ல.

இரவு 10.20 மணியளவில் தாங்கியின் அமுக்கம் 2 இறாத்தல். 11 மணிக்கு 10 இறாத்தல். இடையில் முறை மாறி, புதிய ஆட்கள் வந்திருந்தார்கள். 10 என்பது வழமையான அளவுக்குள்தான் என்பதால் ஒருவரும் கலவரப்படவில்லை. முன்பு 2 ஆக இருந்தது என்பதைப் போனவர்கள் வந்தவர்களுக்குச் சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

11.30 மணியளவில் தொழிலாளர்களுக்குக் கண் எரிந்து தண்ணி வடிந்தது. எங்கோ சிறு கசிவு என்று கண்டுபிடித்து மேலே சொன்னார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று முடிவானதாகப் பின்னர் தொழிலாளர்கள் பத்திரிகைக்குச் சொன்னார்கள். சின்னச் சின்னக் கசிவு அங்கே அடிக்கடி வரும், கண் எரிவதும் பழக்கம். நமது தம்பிமார் சொல்வது போல, வாசம் பழகிப்போயிருந்தது. தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் முள் ஏறிவிட்டது. நள்ளிரவுக்குப் பின் 12.30 தாண்டும்போது தாங்கிக்கு மேலே போட்டிருந்த கொங்கிறீட் வெடிக்கத் தொடங்கியது. நிலம் அதிர்ந்தது. காவல் வால்வு திறந்து, வாயு சீறிக்கொண்டு வானத்துக்குப் போனது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அது நிற்கவில்லை.

குளிர்காலத்து இராத்திரி. காற்று மெதுவாக ஊரை நோக்கி வீசியது. தொழிற்சாலை வேலிக்கு எதிரிலேயே ஜே.பி. நகர் என்ற குடியிருப்பு. தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய சிறு சிறு வீடுகளில், நமது லயங்களைப் போல நெருக்கமாகக் குடும்பங்கள் படுத்துக் கிடந்தன. மிளகாயைத் தீயில் போட்டது போல இருமி இருமி எழும்பினார்கள். கதவைத் திறந்து வெளியே ஓடினார்கள். வாயு தரையோடு வந்ததால் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் எட்டியது.

ஊருக்குக் கேட்கும் சங்கு ஒன்று தொழிற்சாலையில் இருந்தது. அதைச் சிறிது நேரம் ஊதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். சின்னக் கசிவுக்கெல்லாம் ஊரைப் பயமுறுத்தக் கூடாது என்று முன்பே அப்படி ஒரு ஏற்பாடு. உள்ளே தொழிலாளர்களுக்கான சங்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. ஊர்ச் சங்கு மறுபடி நீளமாக ஊதியபோது சனங்கள் ஏற்கனவே வீதியில் விழுந்து கிடந்தார்கள். அப்படியே முன்னதாக ஊதியிருந்தாலும், சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சனங்களுக்கு ஒரு நாளும் ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சங்கு கேட்டு, தீப்பிடித்துவிட்டது, உதவி செய்வோம் என்று தொழிற்சாலைப் பக்கம் ஓடியவர்களும் உண்டு.

உள்ளே இருந்த தொழிலாளர்களுக்கு என்ன ஆனது தெரியுமா? பெரும்பாலும் தப்பிவிட்டார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அதற்கு எதிராக ஓட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தாங்கிக்கு மிகக் கிட்டத்தில் இருந்தவர்கள் தப்ப, வேலிக்கு வெளியே கிடந்தவர்கள் காற்றோடு சேர்ந்து, வாயுவோடு சேர்ந்து ஓடிச் செத்தார்கள். ஓட ஓட மூச்சு வாங்கும், மூச்சு வாங்க வாங்க நஞ்சு உள்ளே போகும். ஒரு ஈரத்துணி. அதை முகத்தில் பொத்திக்கொண்டு குறுக்கே விலகிப் போயிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். அந்த வாயுவை ஈரம் பிடித்துக்கொள்ளும் என்று கொம்பனிக்காரருக்குத் தெரியும். ஒரு துணிக்கும் ஒரு சொம்புத் தண்ணிக்கும் என்ன செலவு?

ஆஸ்பத்திரியிலும் இதே கதிதான். ஹமீதியா ஆஸ்பத்திரிக்கு ஆயிரக்கணக்கில் சனங்கள் வந்து குவிந்தார்கள். என்ன வாயு, எதைக் கொடுப்பது என்று டாக்டர்மாருக்குத் தெரியவில்லை. கண்ணீர்ப் புகை மாதிரி எரிச்சல்தான், கண்ணைக் கழுவினால் போதும் என்று தொழிற்சாலைத் தரப்பிலிருந்து பதில் வந்தது.

எத்தனை பேர் செத்தார்கள்? அரசாங்கம் முதலில் சொன்ன கணக்கு 2,259. பிறகு மாநில அரசாங்கம் 3,787 என்று சொன்னது. வருஷக்கணக்கில் நெஞ்சு நோயோடு இருந்து இறந்தவர்களையும் சேர்த்தால் 15,000க்கு மேல் என்று சொல்வோரும் உண்டு. காயப்பட்டவர்கள் 558,125 பேர் என்று 2006இல் மாநில அரசாங்கமே சத்தியக் கடதாசியில் எழுதிக் கொடுத்தது.

முன்பே சொன்னவர்கள்

இது ஒரு இரவில் திடீரென்று வந்த ஆபத்து அல்ல. 1981 டிசம்பரில் அதே தொழிற்சாலையில் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் மறுபடி கசிந்து இருபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொழிற்சங்கத்தினர் ஊரில் சுவரொட்டி ஒட்டினார்கள். அதே வருஷம் அமெரிக்காவிலிருந்து கொம்பனியின் ஆட்கள் வந்து பார்த்து, இன்னின்ன குறை என்று எழுதிக் கொடுத்தார்கள். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982இலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். போபால் ஒரு எரிமலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்ற கருத்தில் அவர் எழுதியதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2021இல் அவர் காலமானபோது எல்லாப் பத்திரிகையும் புகழ்ந்து எழுதின.

நஷ்டஈடாக 1989இல் 47 கோடி டொலர் கொடுத்துக் கொம்பனி வழக்கை முடித்துக்கொண்டது. தொகை பெரிதாகத் தெரியும், பங்கு போட்டால் ஆளுக்குக் கிடைத்தது சொற்பம். குற்ற வழக்கு நீதிமன்றத்தில் இழுபட்டு, 2010 யூனில் இந்திய அதிகாரிகள் சிலருக்கு இரண்டு வருஷத் தண்டனை என்று தீர்ப்பானது. உடனே பிணையில் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சட்டங்கள் மாறின

பயன் ஒன்றும் இல்லாமல் போகவில்லை. 1987இல் இந்தியா தனது தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியது. ஆபத்தான இரசாயனம் பாவிக்கும் தொழிற்சாலை எதுவானாலும், அந்த ஆபத்து என்ன என்பதைத் தொழிலாளருக்கும் சுற்றியிருக்கும் சனங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள். தொழிலாளரும் நிர்வாகமும் சமமாக உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்றார்கள். உடனடி ஆபத்து இருப்பதாகத் தொழிலாளிக்குத் தோன்றினால் அதை நிர்வாகத்துக்குச் சொல்லும் உரிமையையும் சட்டத்திலேயே போட்டார்கள். அமெரிக்காவில் 1986இல், ஊரார் கேட்டால் எந்த இரசாயனம் எவ்வளவு வைத்திருக்கிறோம் என்று சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. 1992இல் இன்னொரு விதி. இந்த வால்வு ஒழுகினால் என்ன, கரண்ட் நின்றால் என்ன என்று வேலை தொடங்கும் முன்பே ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு இயந்திரத்தை நிறுத்துவதானாலும் மாற்றுவதானாலும், அதனால் என்ன வரும் என்று சோதித்துக் கையெழுத்து வைத்த பிறகே செய்ய வேண்டும். போபாலில் குளிரூட்டியை நிறுத்தியது போல வாய்ப்பேச்சில் நிறுத்த முடியாது.

1990இல் சர்வதேச தொழில் அமைப்பு இரசாயனப் பொருட்கள் பற்றி ஒரு உடன்படிக்கை செய்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, அந்த இடத்தை விட்டு விலகிப் போகலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது.

நமது பக்கத்தில்

நமது நாட்டில் போபால் மாதிரி எதுவும் இல்லையே என்று சொல்ல முடியாது. 2018 ஏப்ரலில் ஹொரணைக்குப் பக்கத்தில் பெல்லபிட்டியவில் ஒரு இறப்பர் தொழிற்சாலையில் ஐந்து பேர் இறந்தார்கள். இறப்பர் பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா சேர்ப்பது களுத்துறை, கேகாலைப் பக்கத்து நமது ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அமோனியா இருந்த தொட்டிக்குள் ஒருவர் விழுந்தார். அவரைத் தூக்க இறங்கியவர்களும் அங்கேயே விழுந்தார்கள்.

இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நமது ஆட்களின் மனசு அப்படி. ஒருவர் விழுந்தால் யோசிக்காமல் குதிப்பார்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஒரே இடத்தில் வேலை செய்யும்போது கேட்கவே வேண்டாம். வாயு நிறைந்த தொட்டியிலும் குழியிலும் மூடிக் கிடந்த கிணற்றிலும் இரண்டு மூச்சில் ஆள் மயங்கிவிடுவார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு இறங்கினாலும் பயனில்லை. போபாலில் ஈரத்துணி உதவியிருக்கும் என்று மேலே எழுதியது வெட்டவெளியில் தப்பி ஓடுவதற்கு, தொட்டிக்குள் இறங்குவதற்கு அல்ல. மேலே நின்றபடி கயிறு போட வேண்டும், ஆட்களைக் கூப்பிட வேண்டும், காற்றுத் தாங்கி முதுகில் கட்டியவர்தான் இறங்க வேண்டும். ஒரு வீட்டில் ஒரு சாவு போதாதா?

தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். முதல் நாளிலேயே கேளுங்கள்: இங்கே என்ன இரசாயனம் இருக்கிறது? அதன் தாள் எங்கே? சங்கு எப்படி ஊதும், ஊதினால் எங்கே கூட வேண்டும்? வெளியே போகும் கதவு பூட்டியிருக்கிறதா? கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படும் பிள்ளைகள் உண்டு. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள். நமது நாட்டிலும் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தொழில் திணைக்களத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே அதிகாரிகள் இருக்கிறார்கள். வேலையில் காயம் பட்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஆனால் காயம் பட்ட அன்றே அதை எழுத்தில் பதிய வைக்க வேண்டும். “பிறகு பார்க்கலாம்” என்று விட்ட பல பேருடைய கோரிக்கை சாட்சி இல்லாமல் நின்றுபோனதை நாம் பார்த்திருக்கிறோம்.

தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கும் அதே கேள்விதான். கேனில் ஒட்டியிருக்கும் லேபலை வாசியுங்கள். எழுத்து பொடியாக இருந்தால் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். லேபல் கிழிந்த கேனைக் கையில் எடுக்க வேண்டாம், கணக்கப்பிள்ளை ஐயாவிடம் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். டேங்க் ஒழுகினால் சாக்கைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். முதுகில் வடிவது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்க வேண்டாம். உடம்பில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணியில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். குடித்துவிட்ட ஆளை வாந்தி எடுக்க வைக்க முயலாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும்போது அந்தக் கேனையோ லேபலையோ மறக்காமல் எடுத்துப் போங்கள். எது என்று தெரிந்தால்தான் டாக்டர் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுகள் பற்றிய தகவல் நிலையம் ஒன்று இருக்கிறது. டாக்டர்மார் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும், ஆனால் பெயர் தெரிய வேண்டுமே.

இன்னொரு விஷயம். வெறும் கேன் எங்கே போகிறது? லயத்தில் தண்ணி பிடிக்கவும் மண்ணெண்ணெய் வாங்கவும் அதை வைத்திருக்கும் வீடுகளை இன்னும் பார்க்கிறோம். எத்தனை தடவை கழுவினாலும் அது வீட்டுக்கு ஆகாது. ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். பீலிக்கரைக்குப் பக்கத்திலோ ஓடையிலோ வீசக் கூடாது, புதைக்கவும் கூடாது. போபாலில் தொழிற்சாலையை மூடிவிட்டுப் போனவர்கள் மிச்சக் கழிவை அங்கேயே விட்டுப் போனார்கள். மண்ணில் இறங்கி, சுற்றியிருந்த குடியிருப்புகளின் நிலத்தடித் தண்ணி கெட்டுப்போனது. வாயுவில் தப்பிய குடும்பங்கள் பிறகு அந்தத் தண்ணியைக் குடித்தன. அங்கே குவித்து வைத்திருந்த 337 தொன் கழிவை லொறிகளில் ஏற்றி அப்புறப்படுத்தியது 2025 ஜனவரியில்தான். அப்போது நாற்பது வருஷம் முடிந்திருந்தது. மண்ணுக்குள் போனது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.